கையால் திருகிவிட்ட சக்கரம்

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் மெக்கானிக்குக்குச் சுரீரென்று உறைத்தது. காலையில் டீச்சரம்மா காரின் பின்சக்கரத்து நட்டுகளைக் கையால் திருகிவிட்டதோடு சரி, ஸ்பேனர் போட்டு இறுக்கவில்லை. நடுவில் யாரோ கூப்பிட்டுத் தொலைத்தார்கள். உடனே டீச்சரம்மாவுக்குப் போன் போட்டார்; மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

சாயங்காலம் அந்தக் கார் முழுசாகக் கடை வாசலில் வந்து நின்றது. அவர் ஓடிப்போய், இறுக்கம் சரியாக இருந்தால் ‘டக்’ என்று சொல்லும் தன் ஸ்பேனரை வைத்து அழுத்தினார். எந்த நட்டும் இம்மியளவு நகரவில்லை. எல்லாம் ‘டக்’ என்றன.

“வேற எங்கயாவது இறுக்கினீங்களா, டீச்சர்?”

“நல்லா கேட்டீங்க போங்க! நீங்கதானே பாலத்துக்கிட்ட கைகாட்டி நிறுத்தி இறுக்கினீங்க?”

“நானா? நான் கடையை விட்டு நகரவே இல்லையே.”

“கடையில இருக்கிறவன் மறதிக்காரன், அவன் பின்னாலயே அலைய வேண்டியிருக்குன்னு சலிச்சுக்கிட்டீங்க. உங்ககிட்ட வேலை செய்யற ஆளைச் சொல்றீங்கன்னு நெனச்சேன்.”

கடையில் அவரைத் தவிர ஆள் கிடையாது.

டீச்சரம்மா போன பிறகும் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஸ்பேனரும் கையுமாக நின்றபடியே வீட்டுக்குப் போன் போட்டார். மகள் எடுத்தாள்.

“என்னப்பா இது? பக்கத்து ரூம்ல இருந்துக்கிட்டு எதுக்குப் போன் பண்றீங்க?”

“நானா? அங்க... நான் என்ன பண்றேன்?”

“கட்டில் ஆடுதுன்னு அம்மா ஒரு வாரமா சொல்லிட்டே இருந்தாங்கல்ல? அதைத்தான் இறுக்கிட்டு இருக்கீங்க.”

அவர் தன் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். மகளின் குரலுக்குப் பின்னால் ‘டக்’ என்றது.