சவுக்கு மரத்தில் ஒரு பாட்டு

ஆற்றோரச் சவுக்கில் தொங்கிய புல்லுருவிக் கொத்தில் அவன் வந்து உட்கார்ந்தான். கறுப்புத் தலை, மஞ்சள் சிறகு, காலில் நீல வளையம்.

நோலீன் தொலைநோக்கியை உயர்த்தினாள்.

போன வாரம் இந்தக் கரையில் திறந்துவிட்ட தேனுண்ணிப் பறவைகளில் அவனும் ஒருவன். கூண்டில் பிறந்தவன்.

காட்டில் இந்த இனம் அருகிப்போய்விட்டது. இளசுகளுக்குப் பாடக் கற்றுத்தரப் பெரிய ஆண் பறவைகள் இல்லை. அக்கம்பக்கத்துப் பறவைகளைக் கேட்டு எதையெதையோ பாடித் திரிகின்றன. அந்தப் பாட்டுக்குப் பெட்டைகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அதனால்தான் இவனுக்குக் கூண்டிலேயே பழைய பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். இதே கேபர்ட்டி பள்ளத்தாக்கில், பறவைகள் கூட்டமாய்த் திரிந்த காலத்தில், நோலீன் ஒலிநாடாவில் பதிந்து வைத்த பாட்டு.

அவன் கழுத்து புடைத்தது. அலகு திறந்தது. ஒவ்வொரு முறையும் தலையைத் தாழ்த்தி நிமிர்த்தினான்.

பாடுகிறான்.

நிலத்துக்காரன் டெஸ் வேலியைத் தாண்டி வந்து அவள் தோளைத் தட்டினான். அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன். அவள் திரும்பும்வரை காத்திருந்து கேட்டான்.

"என்ன நோல், உன் மாப்பிள்ளை ஒழுங்காப் பாடுறானா? எனக்கு என் மாடு கத்துறதும் இதுவும் ஒண்ணுதான்."

"கொஞ்சம் சும்மா நில்லேன்."

அவள் மறுபடி தொலைநோக்கியை உயர்த்தினாள். பாட்டு பிசகியிருந்தால் இவன் கடைசிவரை தனியாள்தான். இவனோடு வந்த மற்றவையும் அப்படித்தான்.

எதிர்க்கரை மரங்களில் எதுவும் அசையவில்லை. டெஸ் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி நீட்டினான். அவள் வாங்கவில்லை.

அப்போது ஆற்றின் குறுக்கே மஞ்சளாக ஒன்று பறந்து வந்தது. அவனைவிடச் சிறியது, கொஞ்சம் மங்கல். காலில் வளையமில்லை. காட்டிலேயே பிறந்த பெட்டை.

மேல்கிளையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்தது. ஒரு கிளை இறங்கியது. பிறகு இன்னொன்று. கடைசியில் அவனை ஒட்டி வந்து உட்கார்ந்தது.

நோலீன் தொலைநோக்கியை இறக்கினாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"சரியாத்தான் பாடுறான், டெஸ். கொஞ்சம்கூடப் பிசகலை."

டெஸ் சிரித்தான். அவள் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ள வசதியாக, சொல் சொல்லாகக் கேட்டான்.

"அந்தக் காய்ச்சல்ல ரெண்டு காதும் போனதுலேர்ந்து இடி இடிச்சாலே உனக்குக் கேக்கிறதில்லை. இது எப்படிக் கேட்டுச்சு?"

நோலீன் கிளையைக் காட்டினாள்.

"எனக்கு எங்கே கேட்டுச்சு? அதோ, அவளுக்குக் கேட்டுச்சு."