மூன்றாவது பதிவு

"வித்துப்போச்சோ?" வின்சென்ற் கடை மேசையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஓம் அங்கிள்." த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதியில் சீடி விற்கும் ராகவி கையை விரித்தாள். "ஒண்டே ஒண்டுதான் வந்தது. காலமையே போயிட்டுது."

"ஆர் வாங்கினது?"

"தெரியாது. அந்த ஆள் பாட்டைப் போட்டுக் கேக்கவே இல்லை. உள்ளுக்க இருந்த சின்னப் புத்தகத்தை நிண்ட நிலையில வாசிச்சுச் சிரிச்சது."

மகன் ஜொனாதன்தான். நாளைக்கு அப்பாவின் எழுபதாவது பிறந்தநாள். தேவாலய மண்டபத்தில் பாட்டைப் போட்டு, புத்தகத்தையும் உரத்து வாசிக்கப்போகிறேன் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

ஐம்பத்தோராம் ஆண்டு கொழும்பில் பதினாறு பேர் வாசித்த நடனப் பாட்டு அது. முதல் பதிவில் பாடகிக்கு இருமல். இரண்டாவதில் மின்சாரம் நின்றது. மூன்றாவதில் ட்ரம்பெட் தனியே எழுந்த இருபது வினாடிகள்தான் பாட்டை ஊரெங்கும் கொண்டுபோயின.

அதை ஊதியது தான் என்று வின்சென்ற் நாற்பத்து நாலு வருடங்களாகச் சொல்லிவருகிறார். டோறினைப் பெண் கேட்டுப் போன அன்று வாயில் வந்த பொய். ஊதியவன் குழுவிலிருந்த அன்றூ என்பவன். வின்சென்ற் தூக்கியது இசைத்தாள் தாங்கிகளை.

பழைய இசைத்தட்டில் குழுத்தலைவரின் பெயர் மட்டுமே இருந்தது. இப்போது வந்த சீடியில், எந்தப் பதிவில் யார் என்ன வாசித்தார்கள் என்று நாலு பக்கம் அச்சிட்டிருக்கிறார்களாம்.

பஸ்ஸில் இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. இரண்டு தரிப்பிடம் முன்னாலேயே இறங்கி நடந்தார். மகன் சிரித்திருக்கிறான். டோறினுக்கும் சொல்லியிருப்பான். பாவம், அந்தக் கதையைத் தொடங்கினாலே தேத்தண்ணி போட எழும்பிப் போகிறவள்.

வாசலிலேயே ட்ரம்பெட் கேட்டது. சப்பாத்தைக் கழற்றாமல் நின்றார்.

"டாட், கம் இன்! இது நீங்கள்தானே!" ஜொனாதன் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். "அம்மா வாங்கிக்கொண்டு வந்தவ. பட் புக்லெட் மிஸ்ஸிங். கடைக்காரர் சீட் பண்ணிப்போட்டினம்."

வின்சென்ற் குசினிக்குள் போனார். டோறின் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். குப்பைக் கூடையில், கறிவேப்பிலைக் காம்புகளுக்குக் கீழே, வழுவழுப்பான காகிதத் துண்டுகள்.

"வாசிச்சனீரோ?"

"ஓம்."

"டோறின்... இவ்வளவு காலமும் உம்மை..."

"சத்தம் போடாதேங்கோ, பெடியனுக்குக் கேக்கும்." அவள் பானையை நிமிர்த்தி வைத்தாள். "எனக்கு இண்டைக்குத்தான் தெரியும் எண்டு நினைச்சனீங்களோ?"

முன்னறையில் ஜொனாதன் அந்த இருபது வினாடிகளையும் திரும்பப் போட்டான்.

"உங்களுக்கு முதல் எனக்குப் பேசின மாப்பிள்ளை அந்த அன்றூதானே."