மூன்றாவது சாவு

லண்டன் மேடைகளில் பெர்சிவல் தார்ன் சாவதற்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். அரங்கமே கடைசி வரிசைவரை அழும். பேசாப் படத்தில் அது எடுபடவில்லை. அவருடைய முழங்கால் மடங்குவதற்குள் இரண்டு முறை பிலிம் தீர்ந்துபோனது.

“சாருக்கு உயிர் ரொம்பக் கெட்டி. இந்தத் தடவையும் சாகலைன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்” என்றார் இயக்குநர்.

“சாகறேன்.”

தார்ன் நாற்காலியில் அமர்ந்தார். கையைத் தூக்கவில்லை, நெஞ்சைப் பிடிக்கவில்லை. கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கண்கள் திறந்திருக்க, பார்ப்பதை நிறுத்தினார்.

கேமராவின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த ஆல்ஃபி கையை எடுத்துத் தன் தொப்பியைக் கழற்றினான்.

“ஏன்டா நிறுத்தினே?” என்றார் இயக்குநர்.

“போயிட்டாருங்க.”

“சுத்துப்பா” என்றார் தார்ன், உதடு அசையாமல். “இன்னும் கொஞ்சம் இருக்கு.”