நான்காவது கிண்ணம்

மூன்றாவது முறையாக அப்பா அந்தக் கிண்ணத்தைக் காலி செய்தார்.

பணிப்பெண் சிரித்த முகத்தோடு வந்தாள். காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, மிளகாய் விழுதில் ஊறிச் செக்கச்செவேலென்று இருந்த முட்டைக்கோஸை இன்னொரு கிண்ணம் நிறைய வைத்துவிட்டுப் போனாள்.

மகளுக்குக் காது சூடானது.

காலியானால் கேட்காமலே கொண்டுவந்து வைப்பது கொரிய உணவகங்களில் வழக்கம். அது அவளுக்குத் தெரியும். அலுவலகத்துத் தோழிகளோடு ஒரு முறை இங்கே வந்திருக்கிறாள். அதற்காக, வைக்க வைக்கவா தின்பார்கள்?

அதுவும் பக்கத்து மேஜையில் அவளுடைய மேலாளர் தன் கணவரோடு உட்கார்ந்திருக்கும்போது. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் இருக்க, அவருக்கும் இன்றைக்குத்தானா இங்கே பசிக்க வேண்டும்?

எட்டு மாதம் வேறு ஊரில் பயிற்சி. முடித்துத் திரும்பியதும் வேலை நிரந்தரம் என்று கடிதம். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். கடிதம் வந்தால் பெரிய இடத்தில் விருந்து என்று எப்போதோ போனில் சொல்லியிருந்தாள். அப்பா அதை மறக்கவே இல்லை. பஸ் டிப்போவில் மெக்கானிக். காலையிலிருந்து எலுமிச்சம்பழத் தோலை வைத்து நகக்கண்ணில் இருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வரும் வழியில் பஸ்ஸிலேயே அவள் பாடம் நடத்தினாள்.

"சத்தமாப் பேசக் கூடாது. சர்வரைக் கை தட்டிக் கூப்பிடக் கூடாது. தட்டுல மிச்சம் வைக்கக் கூடாது. ஏப்பம் விடவே கூடாது."

"மூச்சு விடலாமா பாப்பா?"

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

"விளையாடாதீங்கப்பா. ஆபீஸ் பக்கத்துலயே இருக்கிற ஓட்டல். தெரிஞ்சவங்க யாராவது வந்தா என் பேருதான் கெடும்."

அப்பா சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "சரிம்மா" என்றார்.

இப்போது அந்த 'சரிம்மா' எங்கே போனதென்று தெரியவில்லை. சின்னச் சின்னக் கிண்ணங்களில் எட்டு வகை வந்திருந்தன. மற்ற எதையும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அந்தச் சிவப்புக் கிண்ணத்தோடு மல்லுக்கு நின்றார் அப்பா. நெற்றியில் வியர்வை. கண்ணில் தண்ணீர். ஆனாலும் கை நிற்கவில்லை.

"என்னங்க, போதுங்க" என்று அம்மா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"சும்மா இரு. நல்லாத்தான் இருக்கு." அப்பா அதைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மேலாளர் லேசாகச் சாய்ந்து, "உங்கப்பாவுக்கு கிம்ச்சி ரொம்பப் பிடிச்சிருக்கு போல!" என்றார்.

நல்ல விதமாகத்தான் சொன்னார். மகளின் காதில் அது வேறு விதமாக விழுந்தது.

அந்த நேரம் பார்த்துப் பணிப்பெண் இறைச்சித் தட்டோடு வந்தாள். நான்காவது கிண்ணம் பாதிக்கு வந்திருப்பதைக் கவனித்தாள். அடுத்ததற்கு உள்ளே குரல் கொடுத்தாள்.

அவ்வளவுதான். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"போதும்பா! வீட்டுல சோறே கண்ணுல காட்டாத மாதிரி அள்ளி அள்ளித் தின்னாதீங்க. மானம் போகுது."

கரண்டி பாதி வழியில் நின்றது.

அப்பா கிண்ணத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கரண்டியைச் சத்தம் வராமல் கீழே வைத்தார்.

பணிப்பெண் மேஜை நடுவில் இருந்த அடுப்பில் இறைச்சியைப் போட்டாள். வெந்ததும் கத்திரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டினாள். வேறொரு நாளாக இருந்தால் அப்பா 'தையல் கடைக்கா கூட்டிட்டு வந்தே?' என்று கேட்டிருப்பார். இன்றைக்குக் கேட்கவில்லை.

"உங்களுக்காகத்தான்பா இந்தக் கறியை ஆர்டர் பண்ணினேன். சாப்பிடுங்க."

"வயிறு நிறைஞ்சிடுச்சும்மா. நீங்க சாப்பிடுங்க."

எழுந்து கை கழுவப் போனார். வெகு நேரம் வரவில்லை.

"பார்த்தியாம்மா? ஓசியில வைக்கிறதையெல்லாம் வயித்துல ரொப்பிக்கிட்டு, ஆசையா வாங்கிக் கொடுத்ததைத் தொடக்கூட இல்ல."

அம்மா கையில் எடுத்த துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"அவருக்கு வயித்துல புண்ணு. நீ ஊருக்குப் போன மாசமே டாக்டர் சொல்லிட்டாரு, காரம் நாக்குலயே படக் கூடாதுன்னு. எட்டு மாசமா வீட்டுல மிளகாய் கிள்ளிப் போட்டதில்ல. புது இடத்துல நீ கலங்கிடுவேன்னு என்னைச் சொல்ல விடலை."



"அப்புறம் எதுக்கும்மா...?"

"வந்ததும் அவரையே கேளு."

அப்பா வந்தார். முகம் கழுவிய ஈரம் சட்டைக் கழுத்து வரை இறங்கியிருந்தது. ஒரு கை வயிற்றைப் பிடித்திருந்தது. மகள் பார்ப்பது தெரிந்ததும் கையை எடுத்துவிட்டார்.

மேஜையில் ஐந்தாவது கிண்ணம் நிறைந்து நின்றது.

"ஏம்பா சாப்பிட்டீங்க?"

அப்பா பக்கத்து மேஜையை ஒரு முறை பார்த்துக்கொண்டார். மகள் சொல்லிக் கொடுத்தபடியே குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"மிச்சம் வெச்சா உன் பேரு கெடும்னியே பாப்பா... எப்படியாவது காலி பண்ணிடலாம்னுதான் பார்த்தேன். நான் முடிக்க முடிக்க, அந்தப் பொண்ணு கொண்டாந்து வெச்சிக்கிட்டே இருந்துச்சு."