அழைப்பிதழைக் காண இங்கே அழுத்தவும்

முப்பத்து நான்கு பேரில் ஒரே ஒருவர்தான் பொறியில் விழுந்திருக்கிறார் என்று கணினிப் பாதுகாப்பு ஆலோசகர் விஜேந்திரன் திரையைச் சுட்டிக் காட்டினார்.

மிளகும் கறுவாவும் ஏற்றுமதி செய்யும் அந்த மாத்தளைக் கிளையின் கூட்ட அறையில் மின்விசிறி மட்டும் தலையாட்டியது.

முகாமையாளர் அழகுமுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஓய்வு வயது வந்துவிட்டது. இன்னும் ஒரு வருட நீட்டிப்புக் கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருந்தார். ஆலோசகரின் அறிக்கையும் அங்கேதான் போகிறது.

ஆபத்து கணினியில் இல்லை, அதற்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம்தான் என்பது ஆலோசகரின் கட்சி. மாத்தளையில் ஒரு விரல் தவறினால் தம்புள்ளைக் களஞ்சியம் படுத்துவிடும், கொழும்புக்கு மூச்சடைக்கும். இதை விளக்கப் பதினேழு அம்புக்குறிகள் போட்ட படம் ஒன்று வைத்திருந்தார்.

பொறியை வைத்ததும் அவரேதான். மூன்று வாரத்துக்கு முன், நலன்புரிச் சங்கத்தின் பெயரில் எல்லாருக்கும் ஒரு பொய் மின்னஞ்சல். முகாமையாளரின் மகள் சுதர்ஷினிக்குக் கல்யாணம். அழைப்பிதழைக் காண இங்கே அழுத்தவும்.

முப்பத்து மூன்று பேர் தொடவேயில்லை. தாம் நடத்திய அரைநாள் பயிற்சியின் பலன் அது என்று மிகுந்த தன்னடக்கத்தோடு சொன்னார்.

ஏற்றுமதிப் பிரிவு மஸீனாவுக்குப் பொறுக்கவில்லை.

"பயிற்சியாவது சேர். வீட்டுக்கு வந்து வாயால சொல்லாத கல்யாணத்த நாங்க ஏன் தொறந்து பாக்கணும்?"

மூன்று வாரமாகத் தம்மோடு ஒருவரும் தேத்தண்ணி குடிக்க உட்காராத காரணம் அழகுமுத்துவுக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆலோசகர் தொண்டையைச் செருமினார். விழுந்தவரின் பெயரை நாகரிகம் கருதிச் சொல்லமாட்டாராம். அந்த ஆளை வலையமைப்பிலிருந்து துண்டிக்கும்படி மட்டும் அறிக்கையில் எழுதியிருக்கிறாராம்.

எல்லாக் கண்களும் போன மாதம் வேலைக்குச் சேர்ந்த றிப்காவின்மேல் போய் நின்றன. அவள் முகம் சுண்டிப்போனது.

அழகுமுத்து எழுந்தார். அழுத்தியது தாம்தான் என்றார்.

பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளை யாரென்று பார்க்காமல் இருக்க முடியுமா? அழுத்தினால் வெள்ளைத் திரைதான் வந்ததாம். சங்கத்துக்கே தெரிந்த விஷயம் அப்பனுக்குத் தெரியக்கூடாதா என்ற ஆத்திரத்தில், கொழும்பில் வேலைசெய்யும் மகளைத் தொலைபேசியில் அழைத்து, எல்லாம் தெரிந்துவிட்டது என்று ஒரு போடு போட்டாராம்.

சுதர்ஷினி அழுதுகொண்டே மூன்று வருடக் கதையைச் சொல்லிவிட்டாள்.

பையன் தங்கமான பையனாம். போன ஞாயிறு வீட்டார் வந்து நாள் குறித்துவிட்டுப் போனார்களாம். நீட்டிப்பு வராவிட்டாலும் குறையில்லை, பந்தல் வேலைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லிச் சிரித்தார்.

பிறகு மேசைக்கடியிலிருந்து பையை எடுத்தார். காலையில்தான் அச்சகத்திலிருந்து வந்த அழைப்பிதழ்கள்; மூலைகளில் மஞ்சள் இன்னும் காயவில்லை. மற்றவர்களுக்கு இன்று மாலையிலிருந்து வீடு வீடாக வருவதாகச் சொல்லிவிட்டு, ஒன்றை மட்டும் ஆலோசகரிடம் நீட்டினார்.

"வீட்டுக்கு வந்துதான் குடுக்கணும். நீங்க ஹோட்டல்ல இருக்கீங்க, கோவிச்சுக்காதீங்க தம்பி. மொதல்ல சொன்னதே நீங்கதான்."

விஜேந்திரன் இரண்டு கைகளாலும் உறையை வாங்கினார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

திறக்கத்தான் கை வரவில்லை.