எண்பதில் வந்த கிரகணம்

“நேசம்மா, உன்ட புருசன் எப்பவும் இப்பிடித்தானா கா?”

ஹஸீனா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். படித்த பள்ளிக்கு நெடுங்காலத்துக்குப் பிறகு வந்திருந்தாள். வாவிக்கரை மைதானத்தில் கிரகணம் பார்க்கும் அட்டைக் கண்ணாடிக்கு வரிசை நீண்டிருந்தது. தோடம்பழச் சூரியனின் முன்னால் தேசிக்காய்ச் சந்திரனைப் பிடித்தபடி விஞ்ஞான ரீச்சர் கிரகணத்தை விளக்கிக்கொண்டிருந்தார்.

“எப்பிடி?” என்றாள் நேசம்மா.

“காலையில இருந்து பாக்கன். நீ கதைச்சா அவரு வாவியப் பாக்காரு. தண்ணி குடுத்தா மரத்தப் பாக்காரு. ஒருக்காவாச்சும் உன்ட முகத்தப் பாத்தாரா?”

நேசம்மா சிரித்தாள். “அத விடுகா. எண்பதுல வந்த கிரகணம் ஞாபகமா? உங்க வாப்பா கதவப் பூட்ட, நீ சன்னலால குதிச்சி வந்தாய்.”

“நீ மட்டும்? கிரகணத்துக்கெண்டு உங்கம்மா தாம்பாளத்துல நிப்பாட்டின உலக்கைய உதைச்சி விழுத்திட்டு ஓடி வந்தவள்தானே!”

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

“சுதாகரன் அவங்கப்பாட பட்டறையில இருந்து வெல்டிங் கண்ணாடி ஒண்டக் களவெடுத்து வந்தாரு,” என்றாள் ஹஸீனா. “வகுப்பே கெஞ்சிச்சு. ஒருத்தருக்கும் குடுக்கல்ல. உன்ட கையிலதான் குடுத்தாரு. நீயும் மகாராணி மாதிரி கடைசி வரைக்கும் வச்சிப் பாத்தாய்!”

ஹஸீனாவின் சிரிப்பு நின்றுவிட்டது. “அந்த அன்ப நம்பித்தான்கா உங்க ரெண்டு பேருக்கும் நான் தூது போனன். உங்கப்பாட்ட ஏச்சும் வாங்கினன். உன்ட வாழ்க்கைய நான்தான் கெடுத்திட்டனோ எண்டு இரிக்கி.”

“விசர்க்கதை கதையாத கா.”

அந்த நேரம் சுதாகரன் வந்தார். “நேசம், வரிசை குறைஞ்சிட்டு. வா, பாப்பம்,” என்றார், வாகை மரத்தைப் பார்த்தபடி.

ஹஸீனாவுக்குப் பொறுக்கவில்லை. “ஏன் சுதாகரன், கட்டின பொஞ்சாதிய நேர பாத்துக் கதைச்சா என்ன குறைஞ்சா போயிருவீங்க?”

அவர் கோபிக்கவில்லை. மெல்லச் சிரித்தார்.

“நேர பாத்தா இவள்ற முகம் இரிக்கிற இடத்துல கறுப்பு வட்டம் ஒண்டுதான் தெரியும், ஹஸீனா. அண்டைக்குக் கண்ணாடிய இவளுக்குக் குடுத்திட்டு நான் வெறுங்கண்ணால பாத்த கிரகணம் இன்னும் விடல்ல. மரத்தப் பாத்தாத்தான் பக்கத்துல இவள் தெரியிறாள்.”