பப்பாளி இலைச் சாறு

கழுவிய ஆறு பாட்டில்களையும் பையில் போட்டுக்கொண்டு வந்த செல்வராணி, பக்கத்து வீட்டு கேட்டைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே போகக் கால் வரவில்லை.

ஆறு நாள், ஆறு பாட்டில். பேச்சியம்மாள் அக்கா காலையிலேயே பின்பக்கத்து மரத்தில் இலை பறித்து, இடித்துப் பிழிந்து, வடிகட்டிக் கொடுத்த பப்பாளி இலைச் சாறு. டெங்கிக் காய்ச்சலுக்கு அதைப்போல மருந்து கிடையாது என்று பாசிர் கூடாங்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மகள் லோஷினிக்கு டெங்கி இல்லை.

அவள் பெரிய ஆஸ்பத்திரியின் மனநல வார்டில் இருந்தாள். இருபது வயதுப் பெண், போன செவ்வாய்க்கிழமை இனி வாழ வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டாள். பிழைத்தது தெய்வச் செயல்.

ஆம்புலன்ஸைப் பார்த்து ஓடிவந்த பேச்சியம்மாளிடம், நாக்கில் முதலில் வந்ததைச் செல்வராணி சொன்னாள். டெங்கி. அப்புறம் மாற்றிச் சொல்ல முடியுமா? கோத்தா திங்கியில் இருக்கும் நாத்தனாரிடமும் டெங்கி, கோயில் ஆட்களிடமும் டெங்கி, ஃபேக்டரி சூப்பர்வைசரிடமும் டெங்கி என்றே சொல்லிவைத்தாள்.

பேச்சியம்மாள் அன்றைக்கே பூச்சட்டித் தண்ணீரையெல்லாம் கொட்டிக் கவிழ்த்தாள். சுகாதார அலுவலகத்து ஆட்கள் கொசுப்புகை அடிக்க எந்நேரத்திலும் வருவார்கள் என்று, வாசலில் தொங்கிய கிளிக்கூண்டைத் துணியால் மூடி உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். கிளி உள்ளேயிருந்து கத்தித் தீர்த்தது.

பதறத்தானே செய்வாள். மூன்று வருடத்துக்கு முன் ஒரே மகன் மகேஸ்வரனை டெங்கிக்குப் பறிகொடுத்தவள். உலகத்தில் எத்தனையோ வியாதி இருக்க, இவளிடம் போய் அந்தப் பெயரையா சொன்னேன் என்று செல்வராணி தன்னையே திட்டிக்கொண்டாள்.

தினமும் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, ஏதோ கேட்க வந்தவளைப்போல் பேச்சியம்மாள் சற்று நேரம் நிற்பாள். செல்வராணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிடுவாள். சாற்றை ஆஸ்பத்திரிக் கழிவறையில் ஊற்றும்போது அழுகை முட்டும். முகத்தைக் கழுவிக்கொண்டு மகளைப் பார்க்கப் போவாள்.

இன்று மதியம் டாக்டர் ஷாமளா அவளை உட்கார வைத்துப் பேசினார். நாளைக்கு லோஷினியை வீட்டுக்கு அழைத்துப் போகலாம். மருந்து அம்மாவின் கையில்தான் இருக்க வேண்டும். கொஞ்ச நாளைக்குத் தனியாக விடவே கூடாது. நீங்கள் வேலைக்குப் போனால் யார் இருப்பார்கள்?

செல்வராணியிடம் லீவு மிச்சமில்லை. புருஷனும் இல்லை.

வெளியாள் ஒருவருக்காவது உண்மை தெரிந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

அந்த ஒருவர் யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பகல் முழுக்க வீட்டில் இருப்பவள், லோஷினி சின்ன வயதிலிருந்தே பெரியம்மா என்று கூப்பிடுகிறவள். ஆனால் அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது? வாழ ஆசைப்பட்ட என் பிள்ளையைக் கொண்டுபோன சாமி, வேண்டாம் என்ற உன் பிள்ளையை விட்டுவைத்ததா என்று கேட்டுவிட்டால்?

கேட் கிறீச்சிட்டது. பேச்சியம்மாள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இலை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“நல்லாயிடுச்சுக்கா. நாளைக்கு வீட்டுக்கு வந்துருவா,” என்றாள் செல்வராணி. பாட்டில் பையை நீட்டினாள்.

பேச்சியம்மாள் பையை வாங்கிக் கீழே வைத்தாள். ஆய்ந்த இலைகளையும் ஒதுக்கி வைத்தாள். கிளிக்கூண்டு பழையபடி வாசலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. என்றைக்கு வெளியே எடுத்து மாட்டினாள் என்று செல்வராணிக்குத் தெரியவில்லை. மேலே துணி இல்லை.

“நீ வேலைக்குப் போ ராணி. நான் அவகூட இருந்துக்கறேன்.”

செல்வராணி நிமிர்ந்து பார்த்தாள்.

பேச்சியம்மாள் தெருவைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்: “டெங்கின்னா மறுநாளே புகை அடிக்க வந்துருவாங்க. ஆறு நாளாச்சு, நம்ம வீட்டு வரிசைக்கு யாரும் வரல. என் மகேசு போனப்பவும் வரல.”